விதைத்த பிறகு வரும் அறிவித்தல்: இலங்கையின் நெல் வயலும் மாறும் மழையும் மாறும் கொள்கையும்

இலங்கையின் நெல் உற்பத்திக் கணக்கை 2015 முதல் வரிசையாக வைத்துப் பார்க்கும் எவரது கண்ணிலும் இரண்டு பள்ளங்கள் படும். 2016இல் 44 இலட்சம் தொன்னாக இருந்த விளைச்சல் அடுத்த ஆண்டே 24 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. பின்னர் மெல்ல மெல்ல ஏறி 2021இல் 51 இலட்சம் தொன்னைத் தாண்டியது. 2022இல் மீண்டும் 34 இலட்சம் தொன்னுக்கு விழுந்தது. முதல் சரிவுக்குக் காரணம் கடும் வறட்சி. இரண்டாவதற்குக் காரணம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி 2021 மே மாதம் வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல். இரண்டு தடவையும் நாடு 7 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. காலநிலை மாற்றத்தால் எளிதில் அடிபடக்கூடிய நாடு என்று இலங்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதல் பள்ளத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். இரண்டாவதைப் பொருளாதார நெருக்கடியின் கதையாக வேறு ஏட்டில் சேர்த்துவிடுகிறார்கள். வயலில் நிற்பவருக்கு அந்தப் பிரிவினை கிடையாது. மழை எப்போது வரும் என்பதும் பசளை எப்போது வரும் என்பதும் அவருக்கு ஒரே வகையான கேள்விகள்தான். இரண்டுக்கும் விடை, பெரும்பாலும், அவர் விதைத்த பிறகே கிடைக்கிறது. இலங்கையின் வேளாண் கொள்கையை இந்தக் கால முறையை வைத்துப் படித்தால்தான் அதன் பலவீனம் சரியாகப் பிடிபடும் என்பது என் கருத்து.

முதலில் மழையைப் பார்க்கலாம். தீவின் தென்மேற்கு மூலையும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் ஈரவலயம். அங்கே ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எஞ்சியதில் இடைவலயம் போக, வடக்கு, கிழக்கு, வடமத்தி, தென்கிழக்கு என்று தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயம். இங்கே ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு. கேட்பதற்கு இது வறண்ட நிலமாகத் தோன்றாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் இதைக் கண்டால் பொறாமைப்படும். ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில வாரங்களில், முதலில் பருவப்பெயர்ச்சி இடைக்காலத்து இடிமழையாகவும் பிறகு வடகீழ்ப் பருவமழையாகவும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மழையில் செய்யப்படுவது பெரும்போகம். வடக்கில் காலபோகம் என்பார்கள். ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை செய்யப்படுவது சிறுபோகம். தென்மேற்குப் பருவமழை மலைகளைத் தாண்டி வறண்ட காற்றாக இறங்கும் அந்த மாதங்களில், உலர்வலயத்துச் சிறுபோகம் குளத்தில் மிஞ்சிய நீரை நம்பியே நடக்கிறது.

மாறியிருப்பது என்ன என்று கேட்டால், ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்குத் தெளிவான விடை கிடைக்காது. மாற்றம் தெரிவது மழையின் நாட்களில். தொடக்கம் தள்ளிப்போகிறது, தொடங்கியபின் நடுவில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகிறது, பிறகு ஒரு வாரத்துக்குரியது ஓர் இரவில் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதை மிக நெருக்கமாகப் பார்க்கலாம். அங்கே ஆறு இல்லை, பெருங்குளம் இல்லை; நெல் முழுவதும் மானாவாரி. முதல் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணை உழுது புழுதி விதைப்பாக நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது வழக்கம். ஒரு தூறலில் முளைத்த பயிர் அடுத்த மழைக்குள் கருகினால் மறுபடி விதைக்க வேண்டும், விதைநெல் இரட்டிப்பாகும். மறு விதைப்பைத் தவிர்க்க மழை உறுதியாகும்வரை காத்திருந்தால், கார்த்திகை வெள்ளம் இளம் பயிரை மூடும். ஆண்டு மழை இயல்பானது என்று அறிக்கை சொல்லும் அதே ஆண்டில் ஒரு கமக்காரர் இரண்டு முறை விதைத்து ஒரு முறையும் அறுக்காமல் போவது இப்படித்தான்.

இந்த நிச்சயமின்மை நேற்று வந்ததன்று. உலர்வலயத்தின் குளங்கள் எல்லாமே அதற்கான விடைதான். தனிக் குளம் என்று ஒன்றைப் பார்ப்பதே ஒருவகையில் பிழை. ஒரு சிறு ஆற்றுப்படுகையில் மேலிருந்து கீழாகக் குளங்கள் கோர்க்கப்பட்டிருக்கும். மேற்குளத்தின் வயலில் வடிந்த நீர் கீழ்க்குளத்துக்கு வரும். அது நிரம்பி, மிகைநீர் வழியும் வான் பாய்ந்தால் அதற்கும் கீழே. சிங்களத்தில் எல்லங்காவ எனப்படும் இந்தத் தொடர்குள அமைப்பைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் வரையறுத்து எழுதினார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக இதனை ஏற்றது. குளத்துக்கு மேலே வண்டலைத் தடுக்கும் புற்பட்டை, காற்றையும் ஆவியாதலையும் தணிக்கும் மரக்கூட்டம், கட்டுக்குக் கீழே உப்பை உறிஞ்சும் புதர்க்காடு என்று ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. நீரைச் சேமிப்பதோடு, ஒரே நீரைப் பல தடவை பயன்படுத்துவதற்கான ஏற்பாடாகவும் இது இருந்தது.

அந்த ஏற்பாட்டின் மறுபாதி மண்ணில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. வன்னியில் ஒரு நடுத்தரக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்தில் ஒருமுறை போய் உட்கார்ந்தால் இது விளங்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தை அடியிலும் அங்குலத்திலும் வாசிப்பார். அந்த ஆழம் இத்தனை ஏக்கர் அடி நீர் என்றும், அது இத்தனை ஏக்கருக்குப் போதும் என்றும் கணக்குச் சொல்லப்படும். கமக்காரர் அமைப்பினர் அந்த எண்ணைக் கூட்டக் கேட்பார்கள், அதிகாரி இறங்கமாட்டார், மாலையில் ஓர் எண்ணில் இணக்கம் வரும். விதைப்புத் தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தனை மாத நெல், குளத்தின் மதகான துருசு திறக்கும் நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய நாள் எல்லாம் அங்கே முடிவாகும். அந்த முடிவுக்குச் சட்ட வலு உண்டு. நீர் குறைவான ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் செய்து, அதைக் கடைக்கோடி வயல்காரருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். சிங்களக் கிராமங்களில் இதன் பெயர் பெத்ம. தன் காணியில் மற்றவர் விதைக்க ஒருவர் விட்டுக்கொடுப்பதும், அடுத்த போகத்தில் அதைத் திரும்பப் பெறுவதும் எந்தக் காப்புறுதிப் பத்திரமும் இல்லாமல் நடந்துவந்த ஆபத்துப் பகிர்வு.

இந்தக் கூட்டத்தின் கணக்கில் ஓர் எழுதாத ஊகம் இருக்கிறது: குளத்தில் இப்போதுள்ள நீரோடு, வழக்கம்போல் பெய்யும் மழையும் கொஞ்சம் சேரும் என்பது. அந்த ஊகம் உடைந்த ஆண்டுதான் 2016/17. இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் எதிரெதிராக ஊசலாடும் இருமுனை அலைவு 2016இல் கடுமையான எதிர்மறை நிலையில் இருந்தது. ஒக்டோபரில் வரவேண்டிய இடிமழை வரவில்லை. வடகீழ்ப் பருவமழையும் மெலிந்தது. அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தின் பாதியளவே. குளங்கள் நிரம்பாததால் 2017 சிறுபோகமும் சுருங்கியது. அதே 2017 மே இறுதியில், தீவின் மறுபக்கத்தில், இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயின. ஜெர்மன்வொச் அமைப்பின் காலநிலை இடர்ச் சுட்டெண்ணில் அந்த ஆண்டுக்கு இலங்கை உலகில் இரண்டாவது இடம் பெற்றது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு மாவட்டத்துக்குத் தண்ணீர் பவுசரும் இன்னொரு மாவட்டத்துக்குப் படகும் அனுப்பவேண்டியிருந்தது.

ஒரு சிறு விலகல். பசிபிக் சமுத்திரம் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற சொல் செய்தியில் வந்தாலே வறட்சி என்று நம்மவர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இலங்கையின் உலர்வலயத்தில் அது பாதி உண்மை. எல் நினோ ஆண்டுகளில் சிறுபோக மாதங்கள் காய்வது உண்டு. ஆனால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை இயல்பைவிடக் கூடுவதே வழக்கம். அதன் எதிர்ப்புறமான லா நினாவில்தான் பெரும்போகத்துக்கு ஆபத்து அதிகம். பொதுப்படையான எச்சரிக்கை ஒன்றை எல்லா மாவட்டங்களுக்கும் எல்லாப் போகங்களுக்கும் ஒரேபோல் ஒலிபரப்புவதால் பயன் குறைவு. வளிமண்டலவியல் திணைக்களம் மூன்று மாதங்களுக்கான எதிர்வுகூறலை வெளியிடுகிறது. அது மழையின் மொத்த அளவு இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்ற நிகழ்தகவைச் சொல்கிறது. விதைப்பவருக்கு வேண்டியது வேறு. மழை எந்த வாரத்தில் நிலைகொள்ளும், நடுவில் எத்தனை நாள் விடும் என்பதே அவர் கேட்பது.

மழைக்கு அடுத்தது வெப்பம். பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டினால் நெல்லின் மகரந்தம் பழுதாகி மணி பதராகும். இரவு வெப்பம் கூடினால் பகலில் சேர்த்த மாப்பொருளைப் பயிர் சுவாசத்திலேயே எரித்துவிடும். சிறுபோக நெல் சரியாக இந்த வெப்ப மாதங்களில்தான் கதிர் தள்ளுகிறது. இந்த விடயத்தில் இலங்கையிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வேலை, நெல்லின் வயதைக் குறைத்தது. நாலு, நாலரை மாத நெல்லின் இடத்தை மூன்றரை மாதமும் மூன்று மாதமும் பிடித்தன, பி.ஜி. 250 போன்ற இனம் ஏறத்தாழ 80 நாட்களில் வெட்டுக்கு வந்துவிடும். உவர் நிலத்தைத் தாங்கும் ஏ.ரி. 354 தென்பகுதிக் கரையோரத்துக்கும் வடக்குக்கும் பயன்பட்டது. வயதில் ஒரு மாதம் குறைந்தால் குளத்திலிருந்து ஒரு மாத நீர் மிஞ்சும். காலநிலைத் தகவமைவு என்று இன்று பெயர் சூட்டப்படும் எந்தத் திட்டத்தையும்விட இந்த அமைதியான வேலை அதிகம் சாதித்திருக்கிறது. ஆனால் குறுகிய வயதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 90 நாள் பயிருக்கு நைதரசன் சரியான நாளில் கிடைத்தாக வேண்டும். இரண்டாம் வாரத்தில் போடவேண்டிய யூரியா ஐந்தாம் வாரத்தில் வந்தால், மட்டம் (பக்கத் தூர்) வெடிக்கவேண்டிய நேரம் போய்விட்டிருக்கும். இழந்ததைப் பிடிக்க அந்தப் பயிரிடம் மேலதிக நாட்கள் இல்லை. பழைய நாட்டு நெல்லான மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், பி.ஜி. 300 பொறுக்காது.

இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு பசளைக் கொள்கையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். மானியம் 1962இல் தொடங்கியது. இடையில் நீக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் வந்த அது, 2005இல் 50 கிலோ மூடை 350 ரூபா என்ற நிலையான விலைக்கு வந்தது. உலகச் சந்தையில் யூரியா எந்த விலைக்கு ஏறினாலும் நெல் கமக்காரருக்கு அதே 350. 2016இல் மூடைக்குப் பதிலாகக் காசு, 2018இல் மறுபடி மூடை, 500 ரூபா, 2020இல் முற்றிலும் இலவசம், 2021இல் தடை. ஐந்து ஆண்டுகளில் நான்கு தடவை திசை மாறிய ஒரு கொள்கையை நம்பி எவர் தன் வயலுக்கு நீண்டகாலத் திட்டம் போட முடியும்? மலிவான யூரியா தீமை செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. தேவைக்கு மேல் போட்டதில் ஒரு பங்கு பயிருக்குப் போகாமல் நிலத்தடி நீருக்குப் போனது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் வலிகாமத்தின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இன்னொரு பங்கு நைட்ரஸ் ஒக்சைட்டாக வானுக்குப் போகிறது. அது காபனீரொட்சைட்டைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு. வடமத்திய மாகாணத்தில் பதவியா, மதவாச்சி போன்ற இடங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியதும், வேளாண் இரசாயனங்கள்மீதான அச்சத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தது.

ஆகவே பிரச்சினை மெய்யானது. அதற்கான நிதானமான வழியும் இலங்கையின் பெயரிலேயே இருந்தது. 2019 ஒக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கோடு கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டன. அடுத்த மாதம் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷவின் தேர்தல் விஞ்ஞாபனமும் சேதன வேளாண்மைக்கு 10 ஆண்டு கால மாற்றத்தையே பேசியிருந்தது. 2021இல் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியபோது 10 ஆண்டு ஒரே நாளாகச் சுருங்கியது. மே மாத வர்த்தமானி இரசாயனப் பசளை, பூச்சிநாசினி இறக்குமதியை நிறுத்தியது. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குச் சென்ற ஜனாதிபதி, நைதரசன் பற்றிய அமர்வில் இதனைத் துணிச்சலான சூழல் நடவடிக்கையாக முன்வைத்தார். அப்போது அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் பெரும்போக விதைப்புக் காலம்; வயல்களில் அடிக்கட்டுப் பசளை இல்லை.

தடையின் கணிதத்தை ஓர் ஏக்கரில் வைத்துப் பார்த்தால் போதும். பாசன நெல்லுக்குச் சிபாரிசு, ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ யூரியா. அதில் நைதரசன் 46 வீதம். அதாவது சுமார் 41 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 முதல் 2 வீதம். அதே 41 கிலோவைக் கூட்டெருவால் கொடுக்க ஏக்கருக்கு 2 முதல் 4 தொன் வேண்டும். மோட்டார் சைக்கிளில் இரண்டு மூடையாக வந்தது இப்போது உழவு இயந்திரப் பெட்டியில் பல நடையாக வரவேண்டும். பெரும்போகத்தில் விதைக்கப்படும் நிலம் சுமார் 18 இலட்சம் ஏக்கர் என்று வைத்தால், ஒரு போகத்துக்கு மட்டும் 36 முதல் 72 இலட்சம் தொன் கூட்டெரு; அந்த ஆண்டு நாடு முழுதும் விளைந்த நெல்லின் எடையோடு ஒப்பிடக்கூடிய அளவு. அதையும் ஐந்து மாதத்தில் தயாரிக்க வேண்டும். மேலும், அரைகுறையாக மக்கிய சேதனப் பொருளை நீர் நிற்கும் வயலில் கொட்டினால் மீத்தேன் கூடும். காலநிலையைக் காரணம் காட்டிய ஒரு நடவடிக்கைக்கு இது ஒரு சங்கடமான விவரம். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியில் நோய்க்கிருமி இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு கண்டறிய, சரக்கு இறக்கப்படாமலே 2022 ஜனவரியில் சுமார் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. தடை 2021 நவம்பர் இறுதியிலேயே தளர்ந்தது. ஆனால் அப்போது கடனுக்கும் டொலருக்கும் ஏற்பட்ட முடையில் யூரியா மூடையின் விலை பல மடங்காகியிருந்தது. கிடைத்தவர்களுக்கும் அது பயிரின் வயது தாண்டியபின் கிடைத்தது. அந்தப் பெரும்போகத்தில் மழை பொய்க்கவில்லை, குளங்கள் நிறைந்திருந்தன. பச்சை வரவேண்டிய வயல் மஞ்சளாக நின்றது. தேயிலையும் 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்து 2022இல் 25 கோடி கிலோவாகியது. கொழுந்தின் நிறையைக் கொண்டு கூலி கணக்கிடப்படும் மலையகத் தொழிலாளர் வீட்டில் அந்த 5 கோடி கிலோவின் குறைவு உணரப்பட்டது.

இந்த அத்தியாயத்தின் நீடித்த சேதம் அந்த ஒரு போகத்தின் இழப்பைவிடப் பெரிது என்றே எனக்குப் படுகிறது. பசளையைக் குறைப்பது, மண்ணைப் பரிசோதித்து அளவோடு போடுவது, வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்புவது ஆகிய எல்லாம் காலநிலைக்கும் செலவுக்கும் நல்லவை. இன்று அவற்றைச் சொல்லப் போகும் விவசாயப் போதனாசிரியரை, மறுபடியும் பசளையை நிறுத்தப் போகிறார்களோ என்ற சந்தேகத்தோடுதான் கமக்காரர் பார்க்கிறார்.

நீர்க் கொள்கைக்கு வருவோம். பாசன நீருக்குக் கட்டணம் இல்லை. 1984இல் பராமரிப்புக் கட்டணம் வாங்க எடுத்த முயற்சி சில ஆண்டுகளில் கரைந்துபோனது. நீர் குறையும் சிறுபோகத்தில் நெல்லை விட்டுப் பயறு, கௌபி, உழுந்து, சோளம் செய்யுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவுரை வருகிறது. அறிவுரை சரியானது, ஒரு ஏக்கர் நெல்லின் நீரில் அதைவிட அதிக ஏக்கர் பயறு விளையும். ஆனால் நெல் வயலில் வேறு பயிர் செய்ய 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். வயலும் வடிகாலும் நெல்லுக்காகவே அமைந்தவை. பக்கத்து வயலில் நெல்லுக்கு நீர் கட்டினால் பயறின் வேர் அழுகும். நெல் செய்யாத வெளி என்றால் மாடு அவிழ்த்துவிடப்படும் வெளி என்பது வன்னியின் எழுதாத விதி. காவல் இல்லாத பயறு இரண்டு இரவில் முடிந்துவிடும், யானை வரும் இடத்தில் ஒரே இரவில். நெல்லுக்கு மானியமும் உத்தரவாத விலையும் கொடுத்து, பயறுக்கு அறிவுரை மட்டும் கொடுத்தால், அறிவுரையைக் கேட்பவர் எவர்?

நீருக்கான போட்டி வயலோடு முடிவதுமில்லை. 2023 சிறுபோகத்தில் உடவளவை நீர்த்தேக்கம் வற்றியபோது, கதிர் வரும் பருவத்தில் நின்ற நெல்லைக் காப்பாற்ற மேலேயுள்ள சமனலவெவ நீர்த்தேக்கத்திலிருந்து நீர் விடுமாறு கமக்காரர்கள் வீதியில் அமர்ந்தார்கள். அந்த நீர் தென்மாகாணத்தின் மின்சாரத்துக்கு வேண்டியது என்று மின்சார சபை சொன்னது. ஓகஸ்டில் அமைச்சரவை தலையிட்டு நீரை விட்டது. அதற்குள் கருகிய ஏக்கர்கள் கருகியவையே. இரண்டு தரப்பும் சொன்னது நியாயம். தவறு, இந்தப் பங்கீடு போகத் தொடக்கத்தில் எழுத்தில் முடிவாகாமல், பயிர் வாடியபின் அமைச்சரவை மேசைக்கு வந்ததில் இருக்கிறது. வடக்கில் இரணைமடுவும் இதே வகைச் சிக்கல்தான். அதன் கட்டை உயர்த்திப் புனரமைத்து, கூடுதல் நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவது திட்டம். சிறுபோகத்துக்கே முழு நிலத்துக்கும் போதாத குளத்திலிருந்து நீர் எப்படிப் போகும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். கடைசியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நடுவே, 2018 டிசம்பரில், அதே போதாத குளம் ஓரிரவு மழையில் பெருகி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் மூழ்கின. கதவுகள் திறக்கப்பட்ட நேரம் குறித்து விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு அது போனது. நீரைப் பிடித்து வைத்தால் வெள்ளம், முன்கூட்டியே விட்டால் சிறுபோகம் இல்லை. நம்பத்தக்க மழை எதிர்வுகூறல் இல்லாமல் கதவருகே நிற்கும் பொறியியலாளரின் நிலையும் புழுதியில் விதைக்கும் கமக்காரரின் நிலையும் ஒன்றுதான்.

இழப்புக்குப் பிறகு வருவது காப்புறுதி. இலங்கை இதில் முன்னோடி. பயிர்க் காப்புறுதி 1958லேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கிவிட்டது. 2024/25 பெரும்போகத்தில் நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய 6 பயிர்களுக்கு, கமக்காரர் கட்டணம் செலுத்தாமலே ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு இருந்தது. வறட்சி, வெள்ளத்தோடு யானைச் சேதமும் அதில் அடக்கம். ஆனால் இழப்பீடு கிடைக்க வயலை ஒருவர் வந்து பார்த்து எழுத வேண்டும். மாவட்டமே மூழ்கிய ஆண்டில் பார்க்க வேண்டிய வயல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பார்க்கும் அலுவலர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பார்கள். நீர் வடிந்து, பயிர் அழுகி, கமக்காரர் மறுபடி உழுதுவிட்ட பிறகு வரும் பரிசோதனையில் எது சேதம் எது புது உழவு என்ற வாக்குவாதமே மிஞ்சும். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மழைமானியின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும் தானாகவே பணம் போகும் சுட்டெண் காப்புறுதி இதற்கு மாற்றாகப் பேசப்படுகிறது. உலர்வலயத்தில் ஒரு குளத்தில் மழை பெய்து மூன்று மைல் தள்ளியிருக்கும் குளம் காய்வது சாதாரணம் என்பதால், மழைமானிகள் நெருக்கமாக இல்லாத இடத்தில் அது வெறும் சீட்டிழுப்பாகிவிடும்.

குளங்களைத் திருத்தும் வேலைக்கு அண்மைய ஆண்டுகளில் பணம் வந்தது. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியில் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளிலும், உலக வங்கியின் 12.5 கோடி டொலர் கடனில் 6 மாகாணங்களிலும் குளத்தொடர்கள் புனரமைக்கப்பட்டன. மல்வத்து ஓயா என்றால் அனுராதபுரத்தில் தொடங்கி, மன்னாருக்குள் அருவி ஆறாக வந்து கட்டுக்கரைக்குளத்தை நிரப்பும் அதே ஆறு. மேலே ஒரு குளம் பழுதானால் கீழே மன்னார் வயல் உணரும். வேலை நடக்கும் விதத்தில்தான் குறை. ஒப்பந்தக்காரருக்குக் கனமீற்றர் கணக்கில் பணம். ஆகவே கனரக இயந்திரம் இறங்கி, கட்டின் அருகே ஆழமாகத் தோண்டி, மண்ணைக் கரையில் குவிக்கிறது. ஆழமான குழியின் நீர் துருசுக்கு ஏறாது. அடியிலுள்ள இறுக்கமான களி உடைந்தால் நீர் கீழே கசியும். குவித்த மண் அடுத்த மாரியில் திரும்பக் குளத்துக்குள் வரும். குளத்தின் மேற்புற நீரோரமான அலைகரையை மீட்டு, மேற்புற மரக்கூட்டத்தையும் புற்பட்டையையும் திரும்ப வளர்ப்பது மலிவான வேலை. ஆனால் அதற்கு அங்கே வேலியடைத்துப் பயிர் செய்பவரோடு பேச வேண்டும். கனமீற்றரில் அதை அளக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்து, 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, மலையின் மண்ணை ஆறுகளில் இறக்கியபின், கீழேயுள்ள நீர்த்தேக்கங்களில் வண்டல் பற்றிய கேள்வி இன்னும் நெருக்கமாகியிருக்கிறது.

இவை அனைத்துக்கும் அரசிடம் உள்ள கை இறுக்கமானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏற்பட்ட சுமார் 300 கோடி டொலர் ஏற்பாட்டுக்குள் செலவு அடங்க வேண்டும். அதனால் பணம் வேண்டாத சீர்திருத்தங்கள் எவை என்று பார்ப்பது பயனுள்ளது, அவற்றுள் முதலாவது தேதி. பசளைக்கான காசு மானியம் 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையைக் கூட்டாமலே, பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும் நாளுக்குள் வங்கிக் கணக்கில் போட்டால் அதன் மதிப்புக் கூடும், ஏனென்றால் கமக்காரர் கடைக்காரரிடம் வட்டிக்குப் பசளை எடுக்க வேண்டியிராது. மேல் நீர்த்தேக்கத்தின் மின்சாரப் பங்கும் வயலின் பங்கும் அதே கூட்டத்தில் எழுத்தில் தெரிந்தால், எத்தனை ஏக்கர் என்ற எண் மெய்யான எண்ணாக இருக்கும். பயறுக்கும் உழுந்துக்கும் வாங்கும் விலை அங்கேயே சொல்லப்பட்டால், சிறுபோகத்தில் அதை விதைப்பதா என்று ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பதற்கு அந்தப் பெரும்போகமே சான்று. வயல்கள் 2024 ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டன. நவம்பர் கடைசி வாரத்தில் வெள்ளம் வந்து கிழக்கிலும் வடக்கிலும் பெருமளவு இளம் பயிரை மூடியது. தப்பியதையும் மறுபடி விதைத்ததையும் கொண்டு கமக்காரர் போகத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அம்பாறையில் ஜனவரியிலேயே வெட்டு இயந்திரங்கள் இறங்கிவிட்டன. நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது பெப்ரவரி 5ஆம் திகதி. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவது ஈரப்பதம் 14 வீதத்துக்கு உட்பட்ட நெல்லை. காயப்போடக் களம் இல்லாதவர்கள், வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிவிட்டு மழைக்கு அஞ்சி வானத்தைப் பார்த்திருந்தார்கள். கடனுக்கு ஆள் வந்து நின்றதால் ஜனவரியிலேயே ஈர நெல்லாக வயல் வரம்பில் வைத்து வியாபாரிக்கு அளந்தவர்களுக்கு, அந்தப் பெப்ரவரி விலை அடுத்த வீட்டுச் செய்தி.